வீட்டுக்கு வந்து ஆய்வு செய்கிறோம் என்கிறார்கள், சம்மதிக்கலாமா?

அம்பை செல்வி
மார்ச் 3, இரவு 9:50

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது. சின்ன வயதிலேயே போலியோ வந்து இரண்டு கால்களும் பாதிப்பு. வெளியே போக இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர். வீட்டுக்குள் பாதி நேரம் வீல்சேர், பாதி நேரம் தரையில் நகர்ந்துதான் போவேன். பிளவுஸ் தைத்துப் பிழைப்பு ஓடுகிறது.

போன வாரம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். மாற்றுத்திறனாளிகளின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி ஆய்வு செய்கிறாராம். முதலில் வீட்டில் வைத்து இரண்டு மணி நேரப் பேட்டி. அப்புறம் பதினான்கு நாட்கள், எழுந்ததிலிருந்து படுக்கிற வரை என்ன செய்தேன் என்று குரல் பதிவாகவோ போட்டோவாகவோ வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். ஒரு நாள் என்னோடு கூடவே கடைக்கும் வங்கிக்கும் வருவாராம்.

என் வீட்டுக்காரருக்கு இதில் இஷ்டமில்லை. "நம்ம வீட்டு பாத்ரூமை எதுக்கு ஊரான் போட்டோ பிடிக்கணும்" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். எனக்கு ஆசையாக இருக்கிறது. இத்தனை வருடத்தில் எல்லோரும் என்னிடம் ஊனம் எத்தனை சதவீதம் என்று கேட்டிருக்கிறார்கள். உன் நாள் எப்படிப் போகிறது என்று யாரும் கேட்டதில்லை. பயமும் இருக்கிறது. நான் தைத்துச் சம்பாதிப்பதைச் சொன்னால் மாத உதவித்தொகைக்கு ஏதாவது பிரச்சினை வருமா? இது மாதிரி ஆய்வில் கலந்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

முருகன், ராஜபாளையம்
மார்ச் 3, இரவு 10:25

அக்கா, நான் இதுவரை நான்கு பேருக்குப் பேட்டி கொடுத்திருக்கிறேன். இரண்டு காலேஜ் பிள்ளைகள், ஒரு தொண்டு நிறுவனம், கடைசியாக டெல்லியிலிருந்து வந்த ஒருவர். நான்கு பேரும் நன்றாகத்தான் பேசினார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். இதுதான் கண்டுபிடித்தோம் என்று ஒருவர்கூடத் திரும்பி வந்து சொல்லவில்லை. என் தெருவில் சாக்கடை மூடி இல்லாத இடம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. அவர்களுக்கு டாக்டர் பட்டம் கிடைத்திருக்கும். நமக்கு என்ன கிடைத்தது? நான் இனிமேல் யாருக்கும் பேட்டி கொடுக்கமாட்டேன்.

மேலூர் வாத்தியார்
மார்ச் 4, காலை 6:40

செல்வி அம்மா, நான் பார்வை மாற்றுத்திறனாளி, அரசுப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். எனக்கு நடந்ததை எழுதுகிறேன், அதிலிருந்து நீங்களே முடிவெடுத்துக்கொள்ளலாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரியிலிருந்து வந்தார்கள். ஒப்புதல் படிவத்தை முந்தின நாளே மெயிலில் அனுப்பிவிட்டோம் என்றார்கள். அனுப்பியது உண்மைதான், ஆனால் ஸ்கேன் செய்த பிடிஎஃப். என் கம்ப்யூட்டரில் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருள் அதைத் திறந்துவிட்டு ஒன்றுமே படிக்கவில்லை, அதற்கு அது வெறும் படம். மறுநாள் நேரில் இதைச் சொன்னேன். "சும்மா ஃபார்மாலிட்டிதான் சார், இங்கே ஒரு கையெழுத்து" என்று என் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தார் ஒரு பையன். நானும் போட்டுவிட்டேன். தினமும் பிள்ளைகளிடம் "படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே" என்று சொல்கிறவன், அன்றைக்குப் போட்டேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் கறாராகப் பேச மனம் வரவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு நண்பர் போனில் சொன்னார், ஒரு கருத்தரங்க மலரில் என் போட்டோ வந்திருக்கிறது என்று. வெள்ளைக் கோலோடு நான் சாலையைக் கடக்கிற படம். பெயரை மாற்றியிருந்தார்கள், முகத்தை மறைக்கவில்லை. அன்று படம் எடுத்தது எனக்குத் தெரியவே தெரியாது. நண்பர் சொல்லாவிட்டால் இன்றைக்கும் தெரிந்திருக்காது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்காக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதற்குப் பிறகும் இரண்டு ஆய்வுகளில் கலந்துகொண்டேன். இப்போது நான் கேட்பது ஒன்றுதான். நான் கையெழுத்துப் போடுகிற தாளை நானே, என் வீட்டில், யார் துணையும் இல்லாமல் முன்கூட்டியே படிக்க முடிய வேண்டும். யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பாக வர வேண்டும். அதைச் செய்துதர முடியாதவர்களோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வேன்.

ஆய்வு மாணவி, கோவை
மார்ச் 4, மதியம் 1:15

நான் சமூகப்பணித் துறையில் பிஎச்.டி. செய்கிறேன். செல்வி அக்கா சொல்லும் ஆய்வு என்னுடையது இல்லை, அவர்களை எனக்குத் தெரியாது. மேலூர் சார், படித்துவிட்டு மிகவும் வருத்தமாக இருந்தது. உங்களுக்கு நடந்ததை எங்கள் துறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட ஆசைப்படுகிறேன். நீங்கள் சரி என்று சொன்னால் மட்டும்.

அக்கா, முதலில் உங்கள் பயத்துக்கு. அரசு எடுக்கும் கணக்கெடுப்பு வேறு, பல்கலைக்கழக ஆய்வு வேறு. உரிமைகள் திட்டத்துக்காக வீடு வீடாக வந்தார்களே, அது அரசு விவரம் சேர்ப்பது. ஆய்வாளரிடம் நீங்கள் சொல்வது உதவித்தொகை அலுவலகத்துக்குப் போகக் கூடாது. போகாது என்று, ஆய்வைப் பற்றி அவர்கள் தரும் தகவல் தாளில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆதார் நகல், யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எண் இதெல்லாம் பேட்டிக்குத் தேவையே இல்லை. கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

இரண்டாவது, சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 6. மாற்றுத்திறனாளி ஒருவரை ஆய்வுக்கு உட்படுத்த வேண்டுமானால், அவருக்குப் புரிகிற, எட்டுகிற வடிவத்தில் எல்லாவற்றையும் விளக்கி, அவர் சுதந்திரமாகக் கொடுக்கும் ஒப்புதலைப் பெற வேண்டும். அது மட்டும் போதாது. அரசு அமைக்கும் மாற்றுத்திறனாளிகள் ஆய்வுக் குழுவின் முன்அனுமதியும் வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது பாதிப் பேர் மாற்றுத்திறனாளிகளாகவோ பதிவுபெற்ற அமைப்பின் உறுப்பினர்களாகவோ இருக்க வேண்டும். மேலூர் சாருக்கு ஸ்கேன் செய்த பிடிஎஃப் அனுப்பியது மரியாதைக் குறைவு மட்டுமில்லை, இந்தப் பிரிவு சொல்வதற்கே எதிரானது.

இதோடு ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 2017ல் வெளியிட்ட ஆய்வு நெறிமுறைகளும் இருக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் நீங்கள் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, விலகியதால் உங்களுக்குக் கிடைக்கும் எந்தச் சேவையும் நிற்கக் கூடாது. பதினான்கு நாளில் ஐந்தாம் நாளே "போதும்மா" என்று சொன்னாலும் அவர் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

சங்கத்துத் தோழர்
மார்ச் 4, இரவு 8:30

முருகன் தம்பியின் கோபம் இன்று நேற்று வந்ததில்லை. 1962ல் இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் லே கோர்ட் என்று ஒரு மாற்றுத்திறனாளிகள் இல்லம். அங்கே இருந்தவர்கள், இத்தனை மணிக்குப் படுக்க வேண்டும், சொல்லாமல் வெளியே போகக் கூடாது என்கிற விதிகளை எதிர்த்து நிர்வாகத்தோடு போராடிக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளர்கள் வந்து பார்த்தால் நம் பக்கத்து நியாயம் தெரியும் என்று அவர்களே டாவிஸ்டாக் நிறுவனத்துக்காரர்களைக் கூப்பிட்டார்கள். பத்து வருடம் கழித்து, 1972ல், முடிவு புத்தகமாக வந்தது. இந்த மாதிரி இல்லங்களை எப்படித் திறம்பட நடத்துவது என்பதில்தான் அதன் கவனம் போயிருந்தது. அங்கே வாழ்ந்த பால் ஹண்ட், இவர்கள் நடுநிலை என்று சொல்லிக்கொண்டு நிர்வாகத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்று பின்னால் கடுமையாக எழுதினார். அதே 1972ல் உடல் ஊனமுற்றவர்களே நடத்தும் ஒரு சங்கத்துக்கு அவர் அழைப்பு விடுத்தார். ஊனம் உடம்பில் மட்டும் இல்லை, சமூகம் கட்டிவைத்திருக்கும் தடைகளில் இருக்கிறது என்று உலகம் இன்றைக்குப் பேசுகிற பேச்சு பெரிதும் அந்தச் சங்கத்தில் தொடங்கியது.

அந்த வழியில் வந்த மைக் ஆலிவர் என்கிற மாற்றுத்திறனாளி ஆய்வாளர் ஒரு வேலை செய்தார். 1980களில் பிரிட்டன் அரசு எடுத்த சர்வேயின் கேள்விகளை எடுத்துத் திருப்பிப் போட்டார். பொருட்களைப் பிடிக்கவும் திருகவும் உங்களுக்குச் சிரமம் தருவது எந்த உடல் கோளாறு என்பது அரசுக் கேள்வி. எந்த பாட்டிலின், எந்த டப்பாவின் வடிவமைப்பு உங்களுக்குச் சிரமம் தருகிறது என்று கேளுங்கள் என்றார் அவர். கேள்வி அங்கே போனால் பதிலும் அங்கே போகும். செல்வி, பேட்டிக்கு முன் கேள்விகளை வாங்கிப் பாருங்கள். எல்லாக் கேள்வியும் உங்கள் காலைப் பற்றியே இருந்தால் யோசியுங்கள்.

நமக்கு என்ன கிடைத்தது என்று முருகன் தம்பி கேட்டதற்கு ஒரு பதில் இருக்கிறது. ராஜீவ் ரதூரி என்கிற பார்வை மாற்றுத்திறனாளி 2005ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கு, பொது இடங்கள் எல்லோரும் புழங்கும்படி இருக்க வேண்டும் என்று. 2017ல் தீர்ப்பு வந்தும் காரியம் நகரவில்லை. 2023ல் நீதிமன்றம் ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளிகள் ஆய்வு மையத்தை, நிலைமை என்ன என்று அறிக்கை தரச் சொன்னது. அவர்கள் மாற்றுத்திறனாளிகளிடமே பேசி, எங்கே தடுக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். 2024 நவம்பர் 8 அன்று வந்த தீர்ப்பு அந்த அறிக்கையை வைத்துத்தான் பேசியது. கட்டாயம் என்று சட்டம் சொல்வதைப் பரிந்துரையாகச் சுருக்கிவைத்திருந்த, அந்த 2016 சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 15ஆம் விதி சட்டத்துக்கு முரண், மூன்று மாதத்தில் கட்டாய விதிகளைக் கொண்டுவாருங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவு. யாரோ ஒருவர் தன் நாளைப் பற்றி உட்கார்ந்து சொன்னது அங்கே வரைக்கும் போயிருக்கிறது. உங்கள் தெருச் சாக்கடை மூடிக்கு அது வந்து சேரவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கவின் அம்மா
மார்ச் 5, காலை 11:05

என் மகனுக்கு 14 வயது, மூளை முடக்குவாதம். பேச்சு வராது, ஆனால் எல்லாம் புரியும். ஆம் என்றால் கண்ணை மேலே தூக்குவான், இல்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

ஒரு ஆய்வுக்கு வந்தவர்கள் ஒரு மணி நேரம் அவனைப் பற்றி என்னிடமே கேட்டார்கள். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எது பிடிக்கும், எது கஷ்டம் என்று நானும் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனேன். "பள்ளிக்கூட வேன் பிரச்சினை இல்லைங்க, ஏறிக்குவான்" என்றேன். அவன் முகத்தைத் திருப்பினான். நான் கவனிக்கவில்லை, கூட வந்திருந்த சின்னப் பெண்தான் பார்த்தார். பிறகு படங்களைக் காட்டி அவனிடமே ஒவ்வொன்றாகக் கேட்டார். வேனில் அவனை எப்போதும் கடைசி சீட்டில் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. மூன்று வருடமாக அந்த வேனில் போகிறான்.

ஐசிஎம்ஆர் விதிப்படி ஏழு வயதுக்கு மேல் பிள்ளையிடமும் சம்மதம் கேட்க வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னார். பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாதாம். இரண்டாவது முறை வந்தபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், அன்றைக்கு இஷ்டமில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு, நாளைக்கு வருகிறேன் கவின் என்று அவனிடமே சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெண்ணை நான் மறக்கமாட்டேன்.

கைமொழி
மார்ச் 5, மாலை 6:20

என் அப்பா அம்மா இருவருக்கும் காது கேட்காது. நான் சைகை மொழி உரைபெயர்ப்பாளர். கவின் அம்மா சொன்னதோடு இதையும் சேர்க்க வேண்டும்.

வீட்டில் ஆய்வு என்றால் மகளையோ மருமகளையோ உட்காரவைத்து "நீங்களே கேட்டுச் சொல்லிடுங்க" என்பார்கள். என் அம்மாவை ஒருவர் பேட்டி எடுத்தபோது நான்தான் நடுவில். கல்யாண வாழ்க்கையில் மரியாதையாக நடத்தினார்களா என்று ஒரு கேள்வி. அம்மா என்னைப் பார்த்தார், அப்புறம் "எல்லாம் நல்லாத்தான் இருந்தது" என்று கை காட்டினார். மகளிடம் அதைத்தான் சொல்ல முடியும். வெளியாள் ஒருவரை, சம்பளம் கொடுத்து, வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் அன்றிலிருந்து சொல்லி வருகிறேன்.

இன்னொன்று. பெயரை மாற்றிவிடுவோம், முகத்தை மங்கலாக்கிவிடுவோம் என்பார்கள். சைகை மொழியில் புருவமும் வாயும் இலக்கணம். முகத்தை மறைத்தால் கேள்வியா பதிலா என்றே தெரியாது. அதனால் வீடியோ யார் கைக்குப் போகும், எப்போது அழிப்பார்கள் என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும்.

அம்பை செல்வி
மார்ச் 6, இரவு 10:10

எல்லோருக்கும் நன்றி. கைமொழி சொன்னது என்னை உலுக்கிவிட்டது. எங்கள் ஊரில் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் போகிற பெண் டெய்லர் நான் ஒருத்திதான். என் பெயரை லட்சுமி என்று மாற்றினாலும் படிக்கிற ஊர்க்காரருக்கு யார் என்று தெரிந்துவிடும்.

இன்றைக்கு அந்தப் பெண்ணிடம் ஒரு மணி நேரம் பேசினேன். மேலே நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்துக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தகவல் தாளைத் தமிழில் அனுப்பினார், நான் படித்தேன், என் வீட்டுக்காரரும் படித்தார். உதவித்தொகை அலுவலகத்துக்கு எதுவும் போகாது என்று அதில் இருக்கிறது. ஊர் பெயரும் தொழிலும் எழுதக் கூடாது என்றேன். தொழிலை எழுதாமல் என் நாளை எழுத முடியாது என்றார், அதுவும் உண்மைதானே. கடைசியில் ஊரையும் மாவட்டத்தையும் எடுத்துவிடுவது, அச்சுக்குப் போகும் முன் என் பகுதியை எனக்கு வாசித்துக் காட்டுவது என்று முடிவாயிற்று.

பாத்ரூம் போட்டோ கிடையாது என்று சொல்லிவிட்டோம். அதற்குப் பதில் அளவு தருகிறேன் என்றேன். இன்ச் டேப் எப்போதும் என் கழுத்தில்தானே கிடக்கிறது. கதவு 24 இன்ச், வீல்சேர் 25. அதற்குமேல் போட்டோ எதற்கு? வீட்டுக்காரர் அதற்குச் சரி என்றார்.

பணம் ஏதும் கேட்கலாமா? கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

ஆய்வு மாணவி, கோவை
மார்ச் 6, இரவு 10:45

கேளுங்கள் அக்கா. போக்குவரத்துச் செலவும், அவரோடு உட்கார்ந்திருப்பதால் நின்றுபோகும் கூலியும் தருவதை நெறிமுறைகள் அனுமதிக்கின்றன. பணத்துக்காகவே ஒருவர் மனதுக்குப் பிடிக்காமல் சம்மதிக்கும் அளவுக்குப் பெரிய தொகையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மேலூர் வாத்தியார்
மார்ச் 7, காலை 6:15

இரண்டு மணி நேரத்தில் நீங்கள் இரண்டு பிளவுஸ் தைத்திருப்பீர்கள். அந்தக் கணக்கைச் சொல்லுங்கள் அம்மா. கூச்சப்பட ஒன்றுமில்லை. கோவை மகளே, என் கதையைத் துறையில் வாசியுங்கள்.

அம்பை செல்வி
ஏப்ரல் 11, இரவு 9:30

பதினான்கு நாளும் முடிந்தது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதல் நாள் பேட்டியில் அந்த ஆய்வுப் பெண் ஆறு கேள்விகள் கேட்டார். பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது, குளித்து உடுத்துவது, பேசிப் புரியவைப்பது. ஒவ்வொன்றுக்கும் சிரமமில்லை, கொஞ்சம் சிரமம், ரொம்பச் சிரமம், முடியவே முடியாது என்று நான்கு பதில். வாஷிங்டன் குழு கேள்விகள் என்று பெயராம், பல நாட்டுக் கணக்கெடுப்பிலும் கேட்கிறார்களாம். பிறகு அவராக, கழிப்பறைக்குப் போவதில் சிரமம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. வீல்சேரைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு நகர்ந்து போவேன், உள்ளே வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்துக்கொள்ளக் கம்பி. பழகிவிட்டது.

ஆறாம் நாள் குரல் பதிவில் நான் சொல்லியிருக்கிறேன்: "இன்னிக்குத் துணி எடுக்க திருநெல்வேலி போகணும், அதனால காலையில இருந்து தண்ணி குடிக்கல." ஒன்பதாம் நாள், வங்கிக்குப் போனபோது, அதையே சொல்லியிருக்கிறேன். பதினொன்றாம் நாளும். காபி போட்டேன், பூ கட்டினேன் என்பது மாதிரி சொல்லிக்கொண்டே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். அவர்தான் அந்த மூன்று பதிவுகளையும் வரிசையாகப் போட்டுக் காட்டி, "அக்கா, வெளியே போகிற எல்லா நாளும் இப்படியா?" என்று கேட்டார்.

எல்லா நாளும் இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் ஆரம்பித்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பேன். போன வருடம் இரண்டு முறை சிறுநீரில் கிருமி என்று ஊசி போட்டார்கள், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார் டாக்டர், நானும் தலையாட்டினேன். இரண்டையும் நான் சேர்த்து யோசித்ததே இல்லை. என் வீட்டுக்காரர் அந்தப் பதிவுகளைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இத்தனை வருஷமாவா?" என்றார்.

கூட வந்த நாளில் இன்னொன்று. வங்கிச் சாய்தளத்தின் குறுக்கே இரண்டு பைக் நின்றது, அது எப்போதும் நிற்பதுதான். கவுன்டரில் இருந்தவர் என்னை விட்டுவிட்டு, கூட வந்த அந்தப் பெண்ணைப் பார்த்து, "அவங்களுக்கு என்ன வேணும்?" என்றார். எனக்குப் பழக்கம் என்பதால் உறைக்கவில்லை. அந்தப் பெண் முகம் சிவந்து, "அவங்ககிட்டயே கேளுங்க" என்றார். வெளியே வந்ததும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், கவனிக்க வந்தவர் நடுவில் பேசியிருக்கக் கூடாதாம். நான் பேசினது நல்லது என்றேன்.

நேற்று என் பகுதியை வாசித்துக் காட்டினார். ஒரு இடத்தில் "கணவரின் ஆதரவு குறைவு" என்று எழுதியிருந்தார். அது சரியில்லை, அவருக்குத் தெரியாமல் இருந்தது, தெரிந்ததும் ஆதரவு குறையவில்லை என்றேன். அடித்துவிட்டு நான் சொன்னபடி எழுதினார். இனிப் பேட்டி எடுக்கிறவர்களிடம், வெளியே போகும் நாளில் என்னவெல்லாம் செய்யாமல் விட்டுவிடுகிறீர்கள் என்றும் கேட்கப்போகிறாராம். அது என் கேள்வி என்று சொன்னார்.

முருகன், ராஜபாளையம்
ஏப்ரல் 11, இரவு 10:50

அக்கா, நானும் மதுரைக்குப் போகிற நாளில் குடிப்பதில்லை. ஆண்பிள்ளை எனக்கே இப்படி என்றால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும். இதை நான் பேட்டி கொடுத்த நான்கு பேரிடமும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

நீங்கள் முதல் நாள் கேட்பதற்கு எழுதிவைத்த நோட்டை போட்டோ எடுத்துப் போட முடியுமா? அடுத்த மாதம் இங்கே ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அம்பை செல்வி
ஏப்ரல் 12, காலை 7:20

காலையிலேயே போடுகிறேன் தம்பி. கையெழுத்துக் கொஞ்சம் கோணலாக இருக்கும். மேலூர் சாருக்காகக் கீழே தட்டச்சும் செய்துவிடுகிறேன்.